வீட்டார் பட்டியல்

"உங்க வீட்டுல மொத்தம் எத்தனை பேரும்மா?" என்று ஊசிக்காரர் போனில் கேட்டார்.

காலை பதினோரு மணி. ஆறு நாளாக அவர் கேட்டதெல்லாம் விளம்பரத்தைப் பற்றித்தான். அது ஏன் இவ்வளவு கீழே இருக்கிறது, மேலே ஏற்றினால் ஏன் இவ்வளவு மேலே போய்விட்டது, சுற்றியுள்ள கோடு ஏன் பச்சை, ஊசியின் படம் ஏன் படுத்துக் கிடக்கிறது, நிமிர்ந்து நின்றால் ஆகாதா. பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப் போயிருந்தது. கேட்க இது ஒன்றுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டு, "மூணு பேரு சார். நான், எங்க வீட்டுக்காரர், எங்க பொண்ணு," என்றாள்.

"நாலு காட்டுதேம்மா."

"எதுல?"

"நீங்க அனுப்பின கணக்குப் பக்கத்துலதான். உங்க வீட்டு இணைப்புலேருந்து நாலு பேர் என் விளம்பரத்தைப் பாத்திருக்காங்க. அதுல ஒருத்தர் காலையிலேருந்து எழுந்துக்கவே இல்ல."

அவள் நடத்துவது வீட்டுத் தையல் மெஷின்களுக்கான ஒரு சின்ன இணையதளம். நூல் ஏன் அறுகிறது, தையல் ஏன் விட்டுவிட்டு விழுகிறது, பெல்ட்டை எப்போது மாற்ற வேண்டும் என்றெல்லாம் படம் போட்டு எழுதுவாள். வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் வருகிற ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு மெஷின் மக்கர் செய்துகொண்டிருக்கும். அதனால்தான் ஊசியும் பாபினும் விற்கிற இந்த மனுஷர், நடுவில் தரகர் யாரும் இல்லாமல், நேராக அவளிடமே விளம்பரம் போட முன்வந்தார். பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெட்டி, ஒரு வருடத்துக்கு. அதற்கு முன்னால் ஒரு வாரப் பரீட்சை. வெளியாட்கள் ஐந்நூறு தடவையாவது பார்த்திருக்க வேண்டும். வீட்டு ஆட்கள் பார்த்ததைக் கழித்துவிட வேண்டும். இந்தத் தொழிலில் எல்லோரும் வைக்கிற நிபந்தனைதான் அது, அதில் குற்றம் சொல்ல முடியாது. குற்றமெல்லாம் அவருடைய பேரத்தில்தான். யானை வாங்குகிறவன் அங்குசத்துக்குப் பேரம் பேசுவான் என்பார்கள். இவர் அங்குசத்தைப் பேசி முடித்த பிறகுதான் யானையைத் திரும்பியே பார்ப்பேன் என்கிற ரகம்.

ஆனாலும் அவள் பொறுத்துப் போனாள். மாசக் கடைசிக்குள் நிலையான விளம்பரம் ஒன்றாவது வராவிட்டால் பழைய ஆபீசுக்கே திரும்புவது என்று அவளும் கணவரும் பேசி வைத்திருந்தார்கள். அவள் ஆபீசுக்குப் போனால் மகள் வாண்டு பகல் காப்பகத்துக்குப் போக வேண்டும். போன வருடம் மூன்று மாதம் விட்டுப் பார்த்தார்கள். வீட்டில் வாய் ஓயாத நாலு வயசுக் குழந்தை, அந்த மூன்று மாதமும் வீட்டிலும் சரி வெளியிலும் சரி, ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் அழைத்து வரப் போனால் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோடு சுவராக உட்கார்ந்திருக்கும். போதும் சாமி, இனி என் கண் எதிரிலேயே இருக்கட்டும் என்று அவள் வேலையை விட்டாள். இந்த ஓரப் பெட்டி கைக்கு வந்தால் வாண்டு வீட்டில் இருக்கும். வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

"ஏதோ மென்பொருள் தப்பா காட்டுது சார்," என்றாள்.

"தப்பாவே இருக்கட்டும்மா. அந்த நாலாவது ஆள் யாருன்னு சொல்லிடுங்க, கழிச்சுடலாம். கழிச்சாலும் உங்களுக்கு ஐந்நூறு தாண்டிடும். சொல்லலேன்னா, ஆள் வெச்சுப் பாக்க வைக்கறீங்களோன்னு எனக்குத் தோணுமில்ல?"

"ஆள் வெக்கறதா இருந்தா என் வீட்டு இணைப்புலயா சார் வெப்பேன்?"

"அதத்தாம்மா நானும் யோசிச்சிட்டு இருக்கேன்," என்றார் அவர், கொஞ்சமும் அசராமல். "நாலு மணிக்குள்ள சொல்லிடுங்க. நாலு மணிக்கு இன்னொரு தளத்துக்காரங்க என்னைப் பாக்க வராங்க."

போனை வைத்ததும் அவளுக்கு எதையாவது தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. கையில் அகப்பட்டது பாபின் டப்பா. வாண்டு தூங்குகிறது என்ற ஒரே காரணத்துக்காக அதை மேஜை மேல் மெதுவாக வைத்தாள்.

இரண்டு நாளாக வாண்டுக்குக் காய்ச்சல். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று அழுததால் வீடு முழுக்கத் திரைச்சீலையை இழுத்து விட்டிருந்தாள். முன்னறையில் பகல் வெளிச்சம் துணி வழியாக வடிகட்டி வந்து, மேஜை, சுவர், மூலையில் நின்ற தையல் மெஷின் எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி மங்கலாகப் படிந்திருந்தது. குளிருக்காக ஃபேனையும் நிறுத்தியிருந்ததால் மெஷின் எண்ணெயின் வாசனையும், தைக்க வேண்டிய துணிக் குவியலின் புழுக்க வாசனையும், படுக்கையறையிலிருந்து வந்த மருந்து வாசனையும் நகராமல் அங்கங்கே நின்றன. அதோடு இன்னொரு வாசனையும் இருந்தது. ஈரம் காயாமல் கட்டி வைத்த தலைமுடியின் வாசனை. நேற்றே அவள் அதைக் கவனித்து, நாமே குளித்து இரண்டு நாளாகிறதே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

தளத்தை யார் யார் பார்க்கிறார்கள் என்று காட்டும் கணக்குப் பக்கத்தை லேப்டாப்பில் திறந்தாள். ஊசிக்காரர் பொய் சொல்லவில்லை. வீட்டு இணைப்பின் கீழே நாலு வரிகள் இருந்தன. முதல் வரி அவளுடைய லேப்டாப். இரண்டாவது கணவரின் போன், கடைசியாகப் பார்த்தது நேற்று ராத்திரி. மூன்றாவது வாண்டுவின் டேப்லெட். மெஷின் எப்படி ஓடுகிறது என்று காட்ட அவள் வரைந்திருந்த ஓடும் படம் ஒன்று தளத்தில் உண்டு. சக்கரம் சுற்றும், ஊசி ஏறி இறங்கும். வாண்டுக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நாலாவது வரியில் கருவியின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் ஐந்து மணி நேரம் சொச்சம். அவள் காலையில் லேப்டாப்பைத் திறந்ததும் ஆறு மணிக்குத்தான்.

பக்கத்து வீட்டுப் பையன் யாராவது இணைப்பைத் திருடுகிறானா? எழுந்து போய்க் கடவுச்சொல்லை மாற்றினாள். வந்து பார்த்தால் வரி அப்படியே இருந்தது. இலவச மென்பொருளுக்கு இதே பிழைப்பு என்று திட்டிக்கொண்டே சுவரில் இருந்த இணைப்புப் பெட்டியையே அணைத்தாள். சின்னப் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகச் செத்தன. இப்போது வீட்டில் இணைப்பே கிடையாது. தன் போனில், போனின் சொந்த இணைப்பில், கணக்குப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

லேப்டாப் வரி மங்கிவிட்டது. டேப்லெட் வரியும் மங்கிவிட்டது. நாலாவது மட்டும் மங்கவில்லை.

ஒவ்வொரு வரியின் ஓரத்திலும், அந்த ஆள் பக்கத்தில் எவ்வளவு தூரம் படித்திருக்கிறார் என்று ஒரு எண் இருக்கும். நாலாவது வரியில் நாற்பது என்று இருந்தது. லேப்டாப் திரையில் அவள் கட்டுரை இன்னும் திறந்தே இருந்தது, கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான். ஏன் என்று தெரியாமலே லேப்டாப்பில் விரலை வைத்துப் பக்கத்தைக் கீழே தள்ளினாள், போனைப் பார்த்துக்கொண்டே. எண் ஒரு கணம் நாற்பதிலேயே நின்றது. பிறகு எழுபது ஆனது. மேலே தள்ளினாள். ஒரு கணம். இருபது. எவ்வளவு தள்ளினாலும் அந்த ஒரு கணம் தாமதம் மட்டும் மாறவில்லை. அவள் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, அதே திரையை, கூடவே படிக்கிற ஒருவருக்கு ஆகிற தாமதம் அது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

நாற்காலியின் முதுகு, துணிக் குவியல், சுவர். மெஷினின் கறுப்புக் கழுத்து. யாரும் இல்லை. அவளுக்கே வெட்கமாக இருந்தது. முப்பத்து நாலு வயசில் பட்டப் பகலில் பேய்க்குப் பயப்படுகிறோமே, இதற்கும் அந்த ஊசிக்காரர்தான் காரணம் என்று அவர்மேலேயே கோபம் திரும்பியது. லேப்டாப்பை மூடினாள். தன் கழுத்தின் பின்பக்கம் மட்டும் வெதுவெதுப்பாக இருப்பது அப்போதுதான் உறைத்தது. அங்கே தடவிப் பார்த்தாள். லேசான ஈரம். வேர்வையாகத்தான் இருக்கும்.

போனில் நாலாவது வரி மாறியது. கட்டுரையின் பெயர் போய், ஓடும் படத்தின் பெயர் வந்தது.

படுக்கையறையில் வாண்டு சிரித்தது.

அவள் போய்க் கதவருகில் நின்றாள். இணைப்பு இல்லாவிட்டாலும், ஏற்கனவே திறந்திருந்த படம் டேப்லெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. வாண்டு கட்டிலில் சுவரோரமாக ஒண்டிப் படுத்திருந்தது. அகலமான கட்டில், முக்கால்வாசி காலியாகக் கிடந்தது. டேப்லெட்டை முகத்துக்கு நேராகப் பிடிக்காமல், காலியாக இருந்த பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்திருந்தது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிகிற மாதிரி. கை வலிக்கிறது போல என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"அம்மா, இடிக்காத," என்றது வாண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் வாசலில்தான் நின்றிருந்தாள்.

"அம்மா இங்க இருக்கேன்டா."

வாண்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தது. பிறகு பக்கத்தில் பார்த்தது. மறுபடி படத்துக்குத் திரும்பியது. காய்ச்சல் வேகத்தில் உளறுகிறது. தொட்டுப் பார்த்தாள், நெற்றி கொதித்தது. மருந்து கொடுத்து, டேப்லெட்டை வாங்கி அணைத்து, போர்வையை இழுத்து மூடினாள். போர்வையின் காலிப் பக்கமும் சூடாக இருந்தது. குழந்தை புரண்டு வந்திருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது.

இணைப்பை மறுபடி போட்டுவிட்டுக் கணவரைக் கூப்பிட்டாள். நடந்ததில் பாதியை மட்டும் சொன்னாள். மீதியைச் சொன்னால் அவர் டாக்டரிடம் காட்டச் சொல்வார், வாண்டுவை அல்ல, அவளை.

"எவனோ இணைப்பைத் திருடறான். அதுக்குப் போய் இவ்ளோ ஆர்ப்பாட்டமா?" என்றார் அவர். "அந்த ஆளுக்கு வேணுங்கறது ஒரு பேரு. எதையாவது சொல்லி முடியேன்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே பண்றாங்க. நீ ஒரு பொய் சொல்லி விளம்பரம் வாங்கக் கூடாதா? மீட்டிங் இருக்கு, வெச்சுடறேன்."

மூன்றரை மணிக்கு ஊசிக்காரர் தானாகவே கூப்பிட்டுவிட்டார். அரை மணி நேரம் பொறுத்தால் அவருக்கு ஜீரணம் ஆகாது.

"ஆள் யாருன்னு தெரிஞ்சுதாம்மா?"

"தெரிஞ்சுது சார். எங்க வீட்டு ஆளுதான்."

"அப்ப மூணு பேருன்னீங்க?"

"அவசரத்துல சொல்லிட்டேன்."

"நல்லது. வாய்ச்சொல் வேண்டாம். ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பிடுங்க. வீட்டார் யார் யார், என்ன உறவு. அதை என் நோட்டுல ஏத்திட்டு, அவங்களைக் கழிச்சுட்டு, உடனே ஒப்பந்தத்தை அனுப்பறேன். என்ன எழுதணும்னு சொல்லட்டுமா? மேல தேதி போட்டுக்குங்க, அப்புறம்..."

"எனக்கு எழுதத் தெரியும் சார்," என்று வெட்டினாள். எதையும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் அவருக்கு விடியாது. விளம்பரத்தில் இருந்த ஏழு வார்த்தையைக்கூட இதுவரை நாலு தடவை அவளுக்குப் படித்துக் காட்டியாயிற்று.

தாளை எடுத்தாள். நான், என்று முதல் வரி. கணவர். மகள். நாலாவது வரியில் பேனா நின்றது. மாமியார் என்று எழுதினால் போனைக் கொடுங்கள் பேசுகிறேன் என்பார். கைக்குழந்தை என்று எழுதினால் கைக்குழந்தை எப்படி விளம்பரம் பார்க்கும் என்பார். வயசுப் பெண் என்றால் வம்பே இல்லை. வயசுப் பெண் நாள் பூரா திரையும் கையுமாக இருந்தால் உலகத்தில் ஒருத்தரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அந்த எரிச்சலிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மூத்த மகள், என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினாள்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. கிடைத்தது, சரியாக இருக்கிறது, ஒரு வருட ஒப்பந்தம் பின்னால் வருகிறது. அவள் அதை மூன்று தடவை படித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறு நாளாக அந்த மனுஷரிடம் பட்ட பாடெல்லாம் நெஞ்சை விட்டு இறங்கிப் போனது போலிருந்தது. வாண்டு எங்கேயும் போக வேண்டாம். வாசலைப் பார்த்துக்கொண்டு எந்தச் சுவரோரமும் உட்கார வேண்டாம்.

கணக்குப் பக்கத்தில் நாலு பேரையும் வீட்டார் என்று குறித்து நீக்கினாள். நாலு வரியும் போயின. வீட்டு இணைப்பின் கீழே சுத்தமான வெள்ளை. தலைமுடி வாசனையும் குறைந்த மாதிரி இருந்தது. அல்லது பழகிவிட்டதோ என்னவோ.

கணவர் கூப்பிட்டார். அவர் ஹலோ சொல்வதற்குள் இவள், "என்னங்க, கிடைச்சிடுச்சு!" என்றாள்.

"தெரியுமே. பெரியவ சொன்னா."

"யாரு?"

"பெரியவதான். இப்ப வீட்டு நம்பர்ல கூப்பிட்டுப் பேசினேன். சின்னதுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சாம், தட்டித் தூங்க வெச்சிட்டு இருக்கேன்னு சொன்னா. நீ போன்ல இருந்தியாம்."

தாளில் என்ன எழுதினாள் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஊசிக்காரருக்கு மட்டும்தான் தெரியும். ஊசிக்காரரும் கணவரும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

"விளையாடாதீங்க," என்றாள்.

"இதுல என்ன விளையாட்டு?" அவருக்கு நிஜமாகவே எரிச்சல் வந்தது. "அவளுக்கு வரும்போது ஏதாவது வாங்கணுமான்னு கேட்டுச் சொல்லு. பாவம், காலையிலேருந்து உன் பின்னாடியே நிக்கறா, நீ திரும்பிக்கூடப் பாக்கலியாம்."

போன் துண்டிக்கப்பட்டது.

அவள் அசையவில்லை. வீடு எப்போதும் போலத்தான் இருந்தது. எங்கோ குழாய் சொட்டியது. மேல் மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அதெல்லாம் அடங்கிய பிறகு, அதற்கும் கீழே, இன்னொரு சத்தம் இருந்தது. மெதுவான, தவறாத, மெத்தென்ற சத்தம். தட். தட். தட். குழந்தையின் முதுகில் உள்ளங்கையால் தட்டுகிற சத்தம்.

படுக்கையறையிலிருந்து.

அவள் ஓடினாள். வாசற்கதவருகே செருப்பு வரிசையில் தடுக்கியது. அவளுடையது. அவருடையது. வாண்டுவின் சிவப்புச் செருப்பு. பக்கத்தில் இன்னொரு ஜோடி, பெரியது, தேய்ந்தது, பல வருஷமாக அங்கேயே கழற்றி விடப்படுவது போல. தரையில் அதன் அச்சுகூடப் படிந்திருந்தது.

படுக்கையறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. தள்ளினாள். நகரவில்லை. உள்ளிருந்து யாரோ கதவைப் பிடித்திருந்தார்கள். பலமாக அல்ல. சத்தம் வராமல், பொறுமையாக. தூங்குகிற குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று பிடிக்கிற மாதிரி.

இடுக்கில் கட்டிலின் கால்மாடு தெரிந்தது. போர்வைக்கு வெளியே வாண்டுவின் சின்னப் பாதங்கள். அவற்றுக்குப் பக்கத்தில், கட்டிலின் விளிம்பையும் தாண்டி, இன்னும் இரண்டு. நீளமாக. வெளுத்து. கட்டிலிலிருந்து கதவு ஆறடி. படுத்திருப்பவர் கதவை எப்படிப் பிடிக்க முடியும் என்று அவள் யோசிக்கத் தொடங்கினாள். யோசிப்பதை நிறுத்தினாள்.

"வாண்டு," என்றாள். "வாண்டு, எழுந்திரு. அம்மாகிட்ட வா."

தட். தட்.

"அவ தூங்கறாம்மா," என்றது ஒரு குரல். மென்மையான பெண் குரல். அவளுடைய குரலின் சாயல் இருந்தது அதில். "சத்தம் போடாதீங்க."

தோளால் இடித்தாள். கதவு அசையவில்லை. மறுபடி. அசையவில்லை. கையிலிருந்த போன் அடித்தது. ஊசிக்காரர். அந்தப் பெயரைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. தான்தான் எழுதினோம். தன் கையால். கையெழுத்துப் போட்டு. எழுதியதை அடித்துவிட்டால் போதும்.

"அம்மா, வீட்டார் பட்டியலை நோட்டுல ஏத்திட்டேன்," என்றார் அவர், எப்போதும் போல நிதானமாக. "ஒரு தடவை படிச்சுக் காட்டிடறேன், சரியான்னு..."

"படிக்க வேண்டாம்!"

"இல்லம்மா, ஒரு தடவை..."

"படிக்காதீங்க சார்! கடைசி வரி தப்பு. கடைசி ஆள் எங்க வீட்டுல கிடையாது. அடிங்க. உடனே அடிங்க!"

"ஒப்பந்தம்..."

"ஒப்பந்தம் போனாப் போகுது! அடிங்க சார், உங்க காலைப் பிடிக்கறேன்!"

"சரிம்மா, சரி. ஏன் அழறீங்க?" காகிதம் புரள்கிற சத்தம். பேனாவின் மூடி. "கடைசி வரிதானே?"

"கடைசி. கடைசி."

பேனா காகிதத்தில் கீறியது. ஒரு தடவை. நிதானமாக இன்னொரு தடவை, அதன் மேலேயே.

உள்ளே தட்டுகிற சத்தம் நின்றது.

அவள் நெற்றியைக் கதவில் சாய்த்தாள். போன் காதிலேயே இருந்தது.

"அடிச்சாச்சு," என்றார் ஊசிக்காரர். "இப்பவாவது படிக்கறேன், கேளுங்க. நீங்க. உங்க வீட்டுக்காரர். மூத்த மகள். மொத்தம் மூணு, நீங்க முதல்ல சொன்ன கணக்கு சரியாப் போச்சு. நீங்க சின்னதை முன்னாடி எழுதியிருந்தீங்கம்மா, நான்தான் நோட்டுல வயசு வரிசையில மாத்தி ஏத்தினேன். பெரியவங்களுக்கு அப்புறம்தானே சின்னவங்க?"

கதவு தானாகத் திறந்தது.

திரைச்சீலையின் மங்கல் வெளிச்சத்தில், கட்டிலின் மேல், முழங்காலை மடித்தும் நீளம் அடங்காமல் ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு. வாண்டுவின் மஞ்சள் சட்டை அவள் தோளில் பிளந்து இறுகியிருந்தது. சட்டையின் கை அவள் முழங்கைக்கு மேலேயே முடிந்துபோயிருந்தது. ஈரத் தலைமுடி தலையணையிலிருந்து தரைவரை தொங்கியது. அவளுக்கு எதிரே, சுவரோரமாக, மெத்தையில் ஒரு நாலு வயசுக் குழந்தையின் முதுகளவு பள்ளம் இருந்தது. அதில் யாரும் இல்லை. அந்தப் பெண் மறுபடியும் தட்டத் தொடங்கினாள், மெதுவாக, தவறாமல், அந்த வெறும் பள்ளத்தின் மேல். அவள் தட்டத் தட்ட, மெத்தை கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிச் சமமாகிக்கொண்டிருந்தது.